கால் கடுக்க நின்ற சட்டம்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வருபவரின் கண்ணில் முதலில் படுவது பேருந்து நிலையத்தின் பெரிய கட்டடம். அதற்குப் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் உருளையாகச் சுருண்டு எழுகிறது இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் வடிவமைத்த இந்தக் கட்டடத்தில் முதல் மாடி, இரண்டாம் மாடி என்ற பிரிவு கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சுவராகக் கட்டப்பட்டிருக்கின்றன. மசால் தோசைக்குக் காத்திருப்பவர் சுவரில் உள்ள துளைகள் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். விசிறித் தலைப்பாகை வைத்த பணியாளர்தான் அந்தச் சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறார்.

இந்தக் காபி ஹவுஸ் தொழிலாளர்களுக்கே சொந்தம் என்பது பலருக்கும் தெரிந்த கதை. காபி வாரியம் தன் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முன்முயற்சியில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். கேரளத்தில் 1958இல் திருச்சூரில் தொடங்கியது அந்த முயற்சி. முதலாளி இல்லாத கடை. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு அங்கே பரிமாறும் வேலையில் பெண்களைப் பார்க்க முடியவில்லை. தடுத்து நிறுத்த முதலாளி யாரும் இல்லாத இடத்திலும் ஒரு வழக்கம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பாகுபாடு என்றால் கெட்ட எண்ணம் கொண்ட ஓர் அதிகாரி மனத்தில் தோன்ற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த உதாரணம் கொஞ்சம் இடிக்கும்.

தம்பானூரிலிருந்து ஓவர்பிரிட்ஜ் வழியாகக் கிழக்கேகோட்டைக்கும், அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கும் நடந்தால் இருபக்கமும் ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் பாத்திரக் கடைகளும். ஆ. மாதவன் தாமும் ஒரு கடை நடத்திக்கொண்டே தமிழில் கதைகளாக எழுதிய தெரு இது. இந்தக் கடைகளில் சேலையைப் பிரித்து உதறிக் காட்டும் பெண்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை நின்றுகொண்டிருப்பது கேரளத்தில் வெகுகாலம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது, சென்னை ரங்கநாதன் தெருவுக்குப் பலமுறை போய்வந்தவர்கள்கூட, இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள்.

பார்த்தவர்கள் அந்த வேலையில் இருந்த பெண்கள்தான். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி, 2009இல் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை நாற்காலி அல்ல, கழிப்பறை. நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் தெருவில் அவர்கள் ஒதுங்க இடம் இல்லை. கேட்டால், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர்கள் சொன்னதாக விஜி பேட்டிகளில் கூறியிருக்கிறார். கழிப்பறைக்கான போராட்டம் அடுத்த கேள்விக்கு இழுத்துச் சென்றது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன கெட்டுவிடும்? சுவரில் சாய்ந்தால் எதற்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும்?

2014இன் கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் சிலர், சங்கத்தில் சேர்ந்ததும் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். அவர்கள் கடை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். நூறு நாளுக்கும் மேலாக நீண்ட அந்தப் போராட்டத்துக்கு மலையாளத்தில் ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர் விழுந்தது. உட்கார விடாததை எதிர்த்து உட்கார்ந்தே நடத்திய போராட்டம். ஊர் சிரித்தது, பிறகு கவனித்தது.

2018இல் திருவனந்தபுரத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தில் 21-பி என்ற புதிய பிரிவு நுழைந்தது. வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் தொழிலாளர்கள் பயன்படுத்திக்கொள்ளும்படி, எல்லாக் கடைகளிலும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதே திருத்தம் பெண்கள் இரவு ஏழு மணிக்கு மேல் கடையில் வேலை செய்யக்கூடாது என்ற பழைய தடையையும் தளர்த்தியது. ஒன்பது மணி வரை வேலை செய்யலாம். அதற்கு மேல் என்றால் அவர்கள் சம்மதம் வேண்டும், குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழுவாக, அதில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். ஒரே சட்டம் ஒரு கையால் நாற்காலியைக் கொடுத்து மறுகையால் வேலை நேரத்தை நீட்டியது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாலை ஏழு மணித் தடையைக் காட்டிப் பெண்களுக்குப் பொறுப்பான வேலைகளை மறுத்துவந்ததும் நடந்ததுதான்.

சட்டம் படித்தவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவைப் புரட்டினால், நின்று வேலை செய்ய வேண்டியிருக்கும் எல்லாத் தொழிலாளருக்கும் உட்கார ஏற்பாடு செய்யவேண்டும் என்று அது சொல்லியிருந்தது. கிடைக்கும் ஓய்வை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற காரணத்தோடு. கேரளத்தின் 2018 வாசகம் ஏறக்குறைய அதன் மறுபிறப்பு. ஆலைக்குள் நின்ற தொழிலாளிக்கு 1948இல் கிடைத்த நாற்காலி, கடைக்குள் நின்ற பெண்ணிடம் வந்து சேர எழுபது ஆண்டுகள் ஆயின. தம்பானூரிலிருந்து சாலைத் தெருவுக்கு நடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

இந்த விஷயத்தில் நாம் முன்னோடிகளும் அல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1899இலேயே கடை ஊழியர்களுக்கான இருக்கைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்பது விதி. ஆண்களுக்கு இல்லை. பெண்ணின் உடல் மென்மையானது, பிள்ளை பெற வேண்டியது என்ற விக்டோரியக் காலக் கரிசனம் அதன் பின்னால் இருந்தது. அறுபத்தைந்து ஆண்டு கழித்து, 1964இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 120ஆம் உடன்படிக்கை கடைகளிலும் அலுவலகங்களிலும் ஊழியர் எல்லோருக்கும் போதுமான இருக்கை வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்று சேர்த்தது. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். நாற்காலி போடுவது எளிது. அதில் உட்கார்ந்தவளை முறைக்காமல் இருப்பதுதான் கடினம்.

நின்று உபசரிப்பதே நம் மரபு என்று வணிகர்கள் சொல்வதுண்டு. அந்த வாதத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். பழைய பட்டுச் சேலைக் கடைகளை நினைவுள்ளவர்களுக்குத் தெரியும்: வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்த விற்பனையாளர், எதிரே பாயிலோ ஜமுக்காளத்திலோ வாடிக்கையாளர் குடும்பம், நடுவில் மலைபோல் குவியும் சேலை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து விலை பேசினார்கள். அந்த விற்பனையாளர் ஆண். பெரும்பாலும் கடைக்காரருக்கு உறவினர் அல்லது பல ஆண்டு பழகியவர். கண்ணாடி அலமாரியும் குளிரூட்டிய தளங்களும் வந்து, குறைந்த சம்பளத்துக்கு இளம் பெண்கள் வேலைக்குச் சேர்க்கப்பட்ட பிறகே நிற்பது மரியாதை ஆனது. அப்படியானால் இது மரபு அல்ல, ஆள் மாறியதால் மாறிய விதி. கடையில் கல்லாவில் இருப்பவர் இப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறார். அவர் உட்கார்ந்திருப்பதால் எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதாகத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. யார் எங்கே உட்காரலாம் என்பது இந்த ஊரில் நூற்றாண்டுக்கும் மேலான சச்சரவு. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி, அதில் ஏறி உட்கார்ந்து பொதுச்சாலையில் போனார். அவர் பிறந்த புலையர் சாதியினர் நடக்கவே கூடாதென்ற சாலை அது. அடுத்து, தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வரை வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகள் அவர் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தபோது, அந்தப் பள்ளியே கொளுத்தப்பட்டது. எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் இன்னும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது.

வேலையில் பாகுபாடு என்ற வழக்கும் இங்கே பழையதுதான். பேட்டையில் பிறந்த டாக்டர் பல்பு சென்னையில் மருத்துவம் படித்துத் திரும்பியபோது, ஈழவர் என்பதால் திருவிதாங்கூர் மருத்துவத் துறை அவரை ஏற்கவில்லை. மைசூர் அரசு ஏற்றது. 1891இல் மகாராஜாவிடம் தரப்பட்ட மலையாளி மெமோரியல் என்ற விண்ணப்பம் அரசு வேலைகளை வெளியூரார் நிரப்புவதை எதிர்த்தது. அந்த வெளியூரார் பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்கள் என்பதைத் தமிழ் வாசகர் கவனிக்கலாம். ஐந்து ஆண்டு கழித்து வந்த ஈழவ மெமோரியலில் 13,176 பேர் கையெழுத்திட்டார்கள். இவை எல்லாம் வாசலைத் திறக்கச் சொன்ன போராட்டங்கள். உள்ளே வந்தவருக்கு நாற்காலி உண்டா என்று கேட்கும் காலம் பின்னால்தான் வந்தது.

வாசலைத் திறந்த இந்த வரலாறுதான் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவிலும் இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடைக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ நுழையவிடாமல் தடுக்க முடியாது. தனியார் கடைக்காரரையே நேரடியாகக் கட்டுப்படுத்தும் அபூர்வமான அடிப்படை உரிமை இது. ‘கடை’ என்பதற்கு விரிந்த பொருள் உண்டு என்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் விளக்கினார். சேவையை விற்கும் எவரும் அதற்குள் வருவார். அந்த விளக்கத்தை 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது. சரி. ஆனால் 15(2) யாருக்கு? உள்ளே வரும் வாடிக்கையாளருக்கு. மேசையின் மறுபக்கம் நிற்பவருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. வேலைவாய்ப்பில் சமத்துவம் பேசும் 16ஆவது பிரிவோ அரசு வேலைக்கு மட்டும். சேலை வாங்க வந்த பெண்ணின் சமத்துவத்தை அரசமைப்புச் சட்டம் கடைக்காரரிடமே கேட்கிறது. சேலையைப் பிரித்துக் காட்டும் பெண்ணின் சமத்துவத்தை அது அரசாங்கத்திடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதைக் கேரள உயர் நீதிமன்றத்தின் 2021 ஏப்ரல் தீர்ப்பு ஒன்று எதிர்ப்பக்கமாகக் காட்டுகிறது. சவறையில் உள்ள கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனம் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு ஆண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. அங்கேயே பயிற்சியில் இருந்த பெண் பொறியாளர் வழக்குத் தொடுத்தார். தொழிற்சாலைகள் சட்டத்தின் இரவு வேலைத் தடையை நிறுவனம் காட்டியது. பாதுகாப்பு என்று சொல்லி வந்த விதியை வேலை மறுக்கும் ஆயுதமாக்க முடியாது என்ற திசையில் நீதிபதி அனு சிவராமன் தீர்ப்பளித்து, அந்த அறிவிப்பு 14, 15, 16 பிரிவுகளுக்கு முரண் என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது கேரள அரசின் நிறுவனம். அதே பெண் ஒரு தனியார் கடையில் தளமேலாளர் வேலைக்குப் போய், பெண்களை எடுப்பதில்லை என்ற பதிலைக் கேட்டிருந்தால் 16ஆவது பிரிவோடு உயர் நீதிமன்றப் படியேறி இருக்க முடியாது.

தனியாருக்கு என்று எதுவுமே இல்லை என்று சொல்வதும் தவறு. ஒட்டுப்போட்ட துணி மாதிரி பல சட்டங்கள் இருக்கின்றன. சம ஊதியத்துக்கு 1976 சட்டம். அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017 சட்டம். திருநர்களுக்கு 2019 சட்டம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு, விசாகா தீர்ப்பு வந்து பதினாறு ஆண்டுக்குப் பிறகு, 2013 சட்டம். ஒவ்வொன்றும் ஒரு வாசலைக் காக்கிறது. தனியார் நிறுவனம் ஒன்று சாதிக்காகவோ மதத்துக்காகவோ வேலை மறுத்தால் போய் நிற்க இவற்றில் வாசல் இல்லை. இதைத் தைக்க முயன்றவரும் திருவனந்தபுரத்துக்காரர்தான்: தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர், பாகுபாடு எதிர்ப்பு மற்றும் சமத்துவ மசோதாவைத் தனிநபர் மசோதாவாக 2017 மார்ச்சில் மக்களவையில் கொண்டுவந்தார். தனியார் வேலையையும் அது தொட்டது. பெரும்பாலான தனிநபர் மசோதாக்களைப் போல அதுவும் அவையின் ஆயுளோடு காலாவதியானது.

நாற்காலிக்குத் திரும்புவோம். நிற்கவைப்பது பாகுபாடு என்று எப்படிச் சொல்ல முடியும் என்று எந்த நிறுவன வழக்கறிஞரும் கேட்பார். யாரும் உட்காரக்கூடாது என்பதுதானே விதி, ஆணுக்கும் அதேதானே? இந்தக் கேள்விக்கு 2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் பதில் வைத்திருக்கிறது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தருவது பற்றிய நிதிஷா வழக்கு அது. உடல்தகுதி அளவுகோல் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆண்கள் அதைப் பணியின் தொடக்க ஆண்டுகளில் சந்தித்திருந்தார்கள். உரிமை மறுக்கப்பட்டுக் காத்திருந்த பெண்களோ நடுவயதில் சந்திக்க வேண்டியிருந்தது. விதியின் முகம் நடுநிலை, விளைவு அப்படி இல்லை. எனவே இது மறைமுகப் பாகுபாடு என்றார் நீதிபதி சந்திரசூட். அமெரிக்காவில் 1971இல் டியூக் பவர் நிறுவனம் கூலி வேலைக்கு மேலான வேலைகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் கேட்டு, நல்ல பள்ளிக்கல்வி மறுக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவரை வடிகட்டிய வழக்கில் உருவான கோட்பாடு அது.

அந்த அளவுகோலைக் கடைத்தளத்தில் வைத்துப் பாருங்கள். தளத்தில் நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், கல்லாவிலும் மேலாளர் அறையிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்? கர்ப்பத்தின் ஆறாம் மாதத்திலும், மாதவிடாயின் முதல் நாளிலும் ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்பதன் எடை ஒன்றா? வீங்கிய கால், சுருண்டு புடைத்த நரம்பு, இடுப்பு வலி, சிறுநீரை அடக்கியதால் வரும் தொற்று: இவை யார் உடலில் தங்குகின்றன? நிதிஷா தீர்ப்பு அரசை நோக்கியது என்பது உண்மை. ஆனால் 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்ட முடியும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருக்கிறது. நீதிபதி நாகரத்னா இதில் மாறுபட்டார். கண்ணியமான வேலைநிலை 21ஆம் பிரிவுக்குள் வரும் என்பது பழைய முடிவு. இரண்டையும் சேர்த்து ஒரு ஜவுளிக் கடைக்கு எதிராக வாதிட யாராவது துணிந்தால், அது சுவையான வழக்காக இருக்கும்.

துணியாதவர்களுக்கு மனித உரிமை ஆணையம் உண்டு. கேரளத்தில் 1998இலிருந்து இயங்குகிறது, தலைமையிடம் திருவனந்தபுரம். அங்கே மனுவோடு போகும் இளம் வழக்கறிஞர்கள் வழக்கமாக ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்குத் தரும் விசாரணை அதிகாரம், பொது ஊழியர் செய்த மீறலையும் அவர் காட்டிய அலட்சியத்தையும் சுற்றியது. கடைக்காரர் பொது ஊழியர் அல்ல. கடையைச் சோதிக்க வேண்டிய தொழிலாளர் துறை ஆய்வாளர் பொது ஊழியர். ஆகவே ‘கடை நாற்காலி போடவில்லை’ என்ற மனுவைவிட, ‘புகார் தந்தும் ஆய்வாளர் வரவில்லை’ என்ற மனு நிற்கும். அதற்கும் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் வர வேண்டும்.

தமிழ்நாடு 2021 செப்டம்பரில் இந்த வழிக்கு வந்தது. அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த திருத்தம் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. கேரளச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் ‘கால்விரல் நுனியில் நிற்பது’ என்று பொருள்படும் ஒரு தொடர் வருகிறது. ஆங்கிலத்தில் அது சுறுசுறுப்பைப் பாராட்டப் பயன்படும் மரபுத்தொடர். சட்டம் அதை வலியின் பெயராக்கியிருக்கிறது. தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. கால் கடுக்க நிற்பது என்றால் நமக்கு வலி மட்டும்தான்.

இரண்டு சட்டங்களுக்கும் ஒரு பொதுக் குறை. அவை இருக்கையை வசதியாகப் பார்க்கின்றன, உரிமையாக அல்ல. குடிநீர்ப் பானை, முதலுதவிப் பெட்டி வரிசையில் நாற்காலியும் சேர்ந்திருக்கிறது. இல்லை என்றால் ஆய்வாளர் குறிப்பெழுதுவார், அபராதம் விழலாம், பணம் கருவூலத்துக்குப் போகும். பத்து மாதம் நின்றவளுக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் இருக்கையைக் குறிப்பிடுகிறது. ஆனால் ‘நின்று வேலை செய்ய வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு’ என்ற பழைய தொழிற்சாலைச் சட்ட வரையறையோடு. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளுக்கு மாநிலச் சட்டமே கதி.

உரிமையாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியா உதாரணம். அங்கே வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருக்கை தர வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மருந்துக் கடைக் காசாளர் ஒருவர் தொடுத்த கில்பி வழக்கில் 2016 ஏப்ரலில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைச் சொன்னது. ஒருவரின் மொத்த வேலைநாளை வைத்து ‘இது நிற்கும் வேலை’ என்று முத்திரை குத்தக்கூடாது; ஒவ்வோர் இடத்திலும் அவர் செய்யும் பணியைத் தனியே பார்க்க வேண்டும். நிற்பதுதான் அழகு என்ற முதலாளியின் விருப்பம் மட்டும் போதாது. பொருத்தமான இருக்கை கிடைக்கவில்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. தொழிலாளரே வழக்காட முடியும் என்பதால் விதிக்குப் பல் முளைத்தது. இரண்டு ஆண்டில் வால்மார்ட் தன் கலிபோர்னியக் காசாளர்களுடன் 6.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நம் 21-பி, 22-ஏ பிரிவுகளுக்கு விதிகள் எழுதுபவர்கள் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியையாவது கடன் வாங்கலாம்: சேலை காட்டும் நேரம் வேறு, மடித்து அடுக்கும் நேரம் வேறு, பில்லுக்குக் காத்திருக்கும் நேரம் வேறு. மடிப்பதை உட்கார்ந்தே செய்யலாம்.

மனிதவள அதிகாரிகளுக்கு இதில் செய்ய நிறைய இருக்கிறது, அதிகம் செலவும் இல்லை. ஆனால் நாற்காலி வாங்கிய ரசீதைக் கோப்பில் வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் ஏராளம். தளத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கி, அதன்மேல் சேலைப் பெட்டியை அடுக்கி வைத்திருந்தாலும் கணக்கில் அது இருக்கைதான். கேட்க வேண்டியவை வேறு. தளமேலாளரின் மாதமதிப்பீட்டில் ‘உட்கார்ந்திருந்தார்’ என்பது குறையாக எழுதப்படுகிறதா? நாற்காலி கல்லாவுக்குப் பின்னால், உட்காரப் போனால் எல்லோர் பார்வையும் விழும் இடத்தில் இருக்கிறதா? பண்டிகைக் காலத்தில் தீபாவளி, ஓணம் என்று சொல்லி விதி தள்ளிவைக்கப்படுகிறதா? கர்ப்பிணி தனியாகக் கேட்டுத்தான் பெற வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். சலுகையாகக் கேட்டுப் பெறும் நாற்காலி, கேட்டவளின் பெயரை மேலாளர் மனத்தில் எழுதி வைத்துவிடும்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்கவும் இடமில்லை. மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராய 2017இல் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. 2019 டிசம்பரில் அறிக்கை அரசிடம் தரப்பட்டது. நான்கரை ஆண்டு தலைமைச் செயலகத்திலேயே கிடந்து, 2024 ஆகஸ்ட் 19 அன்று பகுதியளவில் வெளியே வந்தது. நாடு முழுவதும் பேசியது அதில் இருந்த பாலியல் கொடுமைகளை. கவனம் குறைவாகப் பெற்ற பக்கங்களில் வேறொன்று இருக்கிறது: படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், அதனால் நோய் வருகிறது. மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்ணும் கேமராவுக்கு முன் நின்ற நடிகையும் ஒரே அறிவுரையைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

கேமரா என்றதும் கடைத்தளத்தின் கேமரா நினைவுக்கு வருகிறது. இன்று பெரிய ஜவுளிக் கடைகளில் ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று. திருட்டைத் தடுக்க என்று வைத்தது, யார் சாய்ந்தார், யார் பேசினார், யார் உட்கார்ந்தார் என்று பார்க்கவும் உதவுகிறது. சம்பளத்தில் பிடிப்பதற்கு அந்தப் பதிவு சான்றாகிறது. அதே பதிவு, ஒரு நாளில் பதினொரு மணி நேரம் ஒரு பெண் எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது என்பதற்கும் மறுக்க முடியாத சான்றுதான். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும் ஸ்டூல், மற்ற நாள்களில் எங்கே இருந்தது என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் சில வாரங்களில் அது தானாக அழிந்துவிடும். அழியும் முன் அதைக் கேட்டுப் பெறும் உரிமையை 21-பி பிரிவும் தரவில்லை, 22-ஏ பிரிவும் தரவில்லை.